கீழ்த்தட்டு

அடுக்குவதை ஒரு வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது பெண்கள் போகிற போக்கில் செய்வது. புது மூட்டை வந்தால், டின்னில் மிச்சமிருக்கும் பழைய அரிசியை முறத்தில் கொட்டி, புதியதை அடியில் போட்டு, பழையதை மேலே போடுவார் என் மாமியார். நாற்பத்தோரு வயதில் மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் இதே காரியத்துக்கு 'ஃபர்ஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட்' என்று பெயர் இருப்பது தெரிந்தது. அங்கேயும் சம்பளப் பதிவேட்டில் எங்களை 'அன்ஸ்கில்டு' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அது 2020. நான் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்த சுயநிதிக் கல்லூரி, ஊரடங்கில் முதலில் பாதிச் சம்பளம் என்றது. பிறகு அதையும் நிறுத்திவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போனார். இன்னொருவர் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்றார். இதைப் பரிதாபக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கடையில் நின்ற பெண்களுக்கு அது வாடகையும் தம்பியின் படிப்புச் செலவும் கிடைக்கிற இடம். முனைவர் பட்டம் வாங்கியவள் வந்து நின்றதால் மட்டும் அது துயரமான இடமாகிவிடாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இருபத்திரண்டு வயது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் நேராக இங்கே வந்தவள். முதல் வாரம் என்னை 'டீச்சர்' என்றாள், அப்புறம் 'அக்கா' என்றாள்.

"மொதல்ல தேதியப் பாருங்கக்கா. இருக்கறத முன்னால இழுங்க, வந்தத பின்னால வைங்க. மூஞ்சி வெளிய பாக்கணும்."

மூஞ்சி என்றால் பொட்டலத்தில் பெயர் அச்சான பக்கம். ஐந்து கிலோ மாவும் எண்ணெய் கேனும் கீழே. லேசான சரக்கு மேலே. கண்மட்டத்தில் இருப்பது கடைக்கு லாபம் தருகிற சரக்கு, அல்லது கம்பெனிக்காரன் பணம் கட்டிப் பிடித்த இடம். பில் போடும் இடத்தருகே சாக்லேட்டை மட்டும் இடுப்பளவில் வைக்க வேண்டும். அது குழந்தைகளின் கண்மட்டம். பெட்டியைப் பிரிக்கும்போது பிளேடு டேப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. உள்ளே ஒரு சோப்புத்தூள் பாக்கெட் கிழிந்தாலும் 'டேமேஜ்' கணக்கில் ஏறும். பால், தயிர் தினமும் பார்க்க வேண்டும். மற்றவற்றில் அடுத்த மாதம் தேதி முடிபவற்றைத் தனி ட்ரேயில் போட்டு நோட்டில் எழுத வேண்டும். இத்தனையையும் அவள் எந்தத் தாளையும் பார்க்காமல், கை நிற்காமல் சொன்னாள்.

மதுரைக்காஞ்சியின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். பூவும் மணப்பொருளும் விற்கும் நரைத்த தலை முதுபெண்டிர் அதில் வருகிறார்கள். அவர்கள் உட்கார இடம் இருந்ததா என்று எந்த வினாத்தாளிலும் கேள்வி வந்ததில்லை.

எங்கள் கடையில் இடமில்லை. பத்து மணி நேரமும் நிற்க வேண்டும். கழிவறை மூன்றாவது மாடியில், குடோனுக்குப் பக்கத்தில். போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் ஆண். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளப் பெண்கள் பழகியிருந்தார்கள். கேமரா எல்லா வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

"தேதியாக்கா? பருப்பு ரேக்குக்குப் போங்க. கீழ்த்தட்டு. அதுக்கு உக்காந்துதான் அடுக்கணும், யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. மெதுவா அடுக்குங்க."

அப்புறம்தான் கவனித்தேன். துவரம்பருப்புக்கும் உளுந்துக்கும் கீழ்த்தட்டு எப்போதும் ஒழுங்காக இருந்தது. அந்தப் பெண்களுக்குள் சொல்லாத முறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: யாருக்கு எந்த நாள், யாருக்குக் கீழ்த்தட்டு. ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள், அவளுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு முறை. கடை வைத்திருந்த வேலைப் பட்டியலின் மேல் இவர்களுடைய பட்டியல் தினமும் திருத்தி எழுதப்பட்டது. பெண்ணியக் கோட்பாடு பற்றி நான் கேட்ட கருத்தரங்க உரைகள் எதிலும் இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைப் பற்றி யாரும் பேசியதில்லை.

உட்காருவதற்காகச் சண்டை போட்டவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருந்தார்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துவந்த பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்களைத் திரட்டினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் மசோதா வந்து நிறைவேறியது. கடைகளில் பணியாளர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தத் திருத்தம். அதற்குள் நான் வேறொரு கல்லூரிக்கு வந்திருந்தேன். செய்தியை அவளுக்கு அனுப்பினேன்.

சில மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. "ஸ்டூல் வந்துருச்சுக்கா. எண்ணெய்ப் பெட்டி வச்சிருக்காங்க அதுமேல."

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். ஏற்கெனவே இறக்கிவிட்டார்களாம். கூட்டமில்லாத மத்தியானத்தில் நான்கு பேரும் மாறி மாறி உட்காருகிறார்களாம். சூப்பர்வைசர் அந்த வரிசைக்குள் வந்தால் எழுந்திருக்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே இருக்கலாமா என்பதில்தான் அவர்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லையாம்.