வணக்கமும் வளைவும்

மனிதன் முதுகை வளைப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அச்சம், மற்றது மதிப்பு. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படுவதால், ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்குதல் எளிது. இவற்றினிடையே உள்ள வேறுபாட்டைக் கள்ளக்குறிச்சியில் ஒரு மாலைப்பொழுது நமக்குத் தெளிவாகக் காட்டியது.

தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்றில் கராத்தே பயிற்சி நடைபெற்றது. ஜப்பானியர் இத்தகைய இடத்தை ‘டோஜோ’ என்பர். நெறி பயிலும் இடம் என்பது பொருள். வெள்ளுடை அணிந்த சிறுவர் சிறுமியர் செருப்புகளை வாயிலில் வரிசையாக விட்டு, உள்ளே நுழையுமுன் தலைதாழ்த்தி வணங்கினர்.

நம் அருகில் முதியவர் ஒருவர் நின்றிருந்தார். விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு பயிலும் தம் பேத்தியைக் காண, கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பேருந்தேறி வந்தவர். பேத்தி வணங்கியதும் அவர் முகம் இருண்டது.

“எதுக்குங்க ஐயா இவ குனியணும்? நாங்க குனிஞ்சது போதாதா?” என்றார். இதை நிறுத்திவிடச் சொல்லத்தான் வந்ததாகவும் கூறினார்.

அக்கேள்வியின் பின்னே ஒரு வரலாறு நின்றது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவர்களுக்காகக் கூலியின்றி உழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவண் அரசின் சட்டம் பிறந்ததும் அதே 1976ஆம் ஆண்டில்தான். சட்டம் ஒரு நாளில் வந்துவிடும். வளைந்த முதுகு நிமிர்வதற்கோ ஒரு தலைமுறையும் போதாது.

ஒகினாவாத் தீவின் இக்கலையை 1922இல் டோக்கியோவில் செய்து காட்டியவர் கிச்சின் ஃபுனகோஷி. கராத்தே என்னும் பெயருக்கு ‘வெறுங்கை’ என்பது இன்றைய பொருள். இக்கலை மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிய வேண்டும் என்பதும், முதல் தாக்குதல் இதில் இல்லை என்பதும் அவர் வகுத்த நெறிகள். தொடக்க மாணவர் பயிலும் ஹெயான் வரிசைகள் ஐந்துமே தடுக்கும் அசைவுடன்தான் ஆரம்பமாகின்றன.

இணைப்பயிற்சி தொடங்கிற்று. தன்னினும் உயரமான பையன் ஒருவனுக்கு எதிரே அச்சிறுமி நின்றாள். அவள் வணங்கினாள், அவனும் அதே அளவு குனிந்து வணங்கினான். அவன் குத்தினான், அவள் முன்கையால் விலக்கினாள். அவளது எதிர்க்குத்து அவன் மார்புக்கு ஓரங்குலம் முன்பே நின்றது. மீண்டும் இருவரும் வணங்கினர். இறுதியில் எல்லாரும் மாஸ்டரை வணங்க, அவரும் அவர்களை நோக்கிக் குனிந்தார்.

“வாத்தியாரும் குனியறாரே!” என்றார் முதியவர், மெல்லிய குரலில்.

பேத்தி ஓடி வந்தாள். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. “இந்த மஞ்சளுக்கு அடுத்தது என்ன பெல்ட்டு, பாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

கைகள் கற்கும் தற்காப்பினும் பெரிய பாடம் ஒன்று அங்கே நடந்தது என்றே நாம் எண்ணுகிறோம். எதிரில் இருப்பவரும் குனியும்போது வணக்கம் மதிப்பாகிறது. ஒருவர் மட்டுமே குனியும் இடத்தில் அது அடிமைத்தனமாகிறது. மலையிலிருந்து மனுவோடு இறங்கி வருவோர் நம் அலுவலக வாயில்களில் இன்றும் கைகூப்பி நிற்கின்றனர். மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருப்போர் கைகூப்பும் நாளில்தான் 1976ஆம் ஆண்டின் பணி நிறைவுறும்.