கலைமானும் கம்பி வலையும்

எடின்பரோவில் கோட்டையை நோக்கி ஏறும் ராயல் மைல் தெருவின் உச்சியில் இருக்கிறது ‘ஸ்காட்ச் விஸ்கி எக்ஸ்பீரியன்ஸ்’. பிரேசில்காரரான கிளைவ் விடிஸ் முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்த்த 3,384 பாட்டில்களைச் சுவர் நெடுகக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கியிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் கோப்பையை மோந்துகொண்டிருந்தார்கள். என் கண் லேபிள்களில்.

டார்ட்டன் கட்டம், கொம்பு விரித்த கலைமான், திசில் பூ, பீங்கான் ஜாடி. நாலு அலமாரி தாண்டினால் எது எந்த விஸ்கி என்றே குழம்பிவிடும். மனதில் நிற்பவை வேறு. ஜானி வாக்கரின் சதுர பாட்டில் கப்பலில் இடைவெளியின்றி அடுக்குவதற்காக வந்தது, உடைவதும் குறைந்தது. லேபிளை 24 பாகை சாய்த்து ஒட்டியதால் எழுத்தைப் பெரிதாகப் போட முடிந்தது. தொப்பிக்காரர் நடைபோடும் படத்தை டாம் பிரவுன் வரைந்தது 1908-இல்தான். பாட்டில் அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. பக்கத்தில், மூன்று புறமும் குழி விழுந்த ஹெய்க் டிம்பிள். அதன்மேல் பின்னிய கம்பி வலை, கடல் குலுக்கலில் கார்க் தெறிக்காமலிருக்கப் போட்டது. இன்று அது வெறும் நகை.

‘ஸ்காட்லாந்து பாணி’ பானம் ஒன்றுக்கு உறை வடிவமைப்பவர் கலைமானிடம் ஓடுவதற்கு முன் இந்த வலையைப் பார்க்க வேண்டும். சட்டமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஜெர்மனியின் பெர்க்லென் ஊரில், புக்கன்பாக் ஆற்றங்கரையில் வடித்த விஸ்கிக்கு ‘க்ளென் புக்கன்பாக்’ என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் தயாரானது என்று லேபிளிலேயே இருந்தது. ஆனாலும் ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. பெயரைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் ஸ்காட்ச் நேராக வந்து நிற்கிறதா என்பதே கேள்வி என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல, மறு ஆண்டு ஹாம்பர்க் நீதிமன்றம் ‘க்ளென்’னுக்குத் தடை விதித்தது. எனக்கு அது சற்றுக் கடுமையாகவே படுகிறது. க்ளென் என்றால் பள்ளத்தாக்குதானே, அது ஜெர்மனியிலும் உண்டு.

வெளியேறும் வழியில் கடை. ஹான்ஸ் ஷ்லேகர் 1950-களில் க்ளென்ஃபிடிக்குக்கு வரைந்த முக்கோண பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை. அதுவோ அட்டைக் குழாய்க்குள். ஐலே தீவின் ப்ரூக்லாடி நிறுவனம், தகர டப்பா வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு வழி வைத்தது. மற்றவர்களும் அதைச் செய்யலாம்.