ஒரே எழுத்து... மொத்த பாக்கியும் போச்சு!

அம்மா காசிமேட்டுல மீன் வாங்கி ராயபுரம் தெருக்களில் விற்கிறார். கடனுக்கு வாங்குறவங்க பாக்கி எல்லாம் ஒரு நோட்டுல. மீன் தண்ணி பட்டு எழுத்தே கலைஞ்சு போச்சு. "நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேம்மா"ன்னு 43 பேரையும் லேப் சர்வரில் ஒரு ஃபைலாக அடித்தேன். நோட்டைத் தூக்கிப் போட்டது என் அதிகப்பிரசங்கித்தனம்!

புதுப் பாக்கி சேர்க்க பி.எச்.பி.யில் பத்து வரி எழுதினேன். 1995-ல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட மொழி அது. ஃபைலைத் திறக்க 'எஃப்ஓபன்'. கூட ஓர் எழுத்து கொடுக்கணும். 'ஆர்' என்றால் படிக்க மட்டும். எழுதத்தானே போறோம்னு நான் 'டபிள்யூ' கொடுத்தேன். ஒரு பேரைச் சேர்த்துட்டுப் பார்த்தால்... அந்த ஒரு பேர்தான் இருக்கு! 'டபிள்யூ' ஃபைலைத் திறக்கும்போதே பழையதை எல்லாம் துடைத்துவிடும். கடைசியில் சேர்க்க 'ஏ' கொடுத்திருக்கணும்.

ராத்திரி அழுதுகிட்டே சொன்னேன். அம்மா திட்டவில்லை. "எழுதிக்கோ"ன்னு கண்ணை மூடிக்கிட்டு தெருத்தெருவா, வீடுவீடா ஒப்பிச்சாங்க. 41 பேர் வந்தாச்சு! விட்டுப்போன ரெண்டு பேரில் ஒரு அக்கா மறுநாள் தானே வந்து அறுபது ரூபாய் கொடுத்துட்டுப் போனாங்க.

இப்போ 'ஏ'தான் போடுறேன். எழுதும் முன்னாடி ஒரு காப்பியும் எடுத்துடுறேன். அம்மா மட்டும் புது நோட்டு ஒண்ணு வாங்கிட்டாங்க.