குழலும் கரியும்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. அவ்வாறு ஒப்படைத்து, வாக்கெண்ணிக்கை முடிந்தபின் மீட்டு வந்த பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து வைக்கையில், அது சரிவர மூடாமல் ஆடுவதைக் கண்டு திருவையாற்றுப் பக்கத்து நண்பரொருவர் விசனப்பட, அவருக்குத் துணையாக நானும் தஞ்சைக் கீழவாசலில் ஒரு சந்துக்குள்ளிருந்த பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பட்டறைக்காரர் எழுபதைக் கடந்தவர். துப்பாக்கியைத் தொடுமுன் நண்பரின் லைசென்ஸை வாங்கி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்திருப்பவருக்கு மட்டுமன்றிப் பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்து, அடிக் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். வெண்கலப் பானை வாங்கப் போன மாமி சுண்டிப் பார்ப்பாளே, அந்தப் பரீட்சைதான். இரு குழல்களுக்கும் இடையிலுள்ள பட்டையின் ஈயப்பற்று விட்டிருந்தால் ஓசை அடைத்துப் போகுமாம். இதுவோ மணிபோல் நீண்டு ஒலித்தது.

அடுத்து அவர் எடுத்த கருவிதான் என்னை வசப்படுத்திற்று. அது ஒரு சிறு சிம்னி விளக்கு. திரியைத் தூண்டிப் புகையெழச் செய்து, குழந்தைக்கு மை கூட்டும் பாட்டியின் பொறுமையோடு, குழலின் அடிமுகத்திலும் கொக்கியிலும் கரி படியவிட்டார். துப்பாக்கியைப் பூட்டி, திறந்து, வெளிச்சத்தில் காட்டினார். இரும்பும் இரும்பும் உரசிய இடத்தில் கரி அழிந்து பளபளத்தது; அடிமுகத்திலோ கரி கலையாமல் இருந்தது. கொக்கி கவ்வும் அச்சாணி பல்லாண்டு உழைப்பில் தேய்ந்துவிட்டபடியால், குழல் பின்முகத்தோடு ஒட்டாமல் மயிரிழை விலகி நிற்கிறதென்பது கரி சொன்ன தீர்ப்பு.

“அரம் எல்லார் கையிலும் இருக்குங்கய்யா. எடுத்த இரும்பைத் திருப்பி வைக்கிற அரம்தான் யார்கிட்டயும் இல்லை” என்றார். சற்றே பருத்த புது அச்சாணி கடைந்து போடுவது அவர் உத்தேசம். அதைப் பதமிடும் முறையையும் விஸ்தாரமாகச் சொன்னார், எனக்கு விளங்கவில்லை.

1967-இல் கோடியக்கரை சரணாலயமாயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாத்து சுடப் போன மிராசுதார்கள் ஓய்ந்தார்கள், பட்டறையும் ஓய்ந்தது. இப்போது வருகிற சொற்ப வேலையும் பெரும்பாலும் வெளியூர்க் கடைக்காரர் வழியாகவே வருகிறது. கரியில் கண் புகைய உட்கார்ந்தவனுக்குச் சில்லறையும், ரசீது எழுதியவனுக்கு நோட்டும் போய்ச் சேரும் நியாயம் இந்நாட்டில் நெல்லுக்கும் உண்டு, துப்பாக்கிக்கும் உண்டு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதென்று சொன்னவன் இந்தச் சந்துக்கும் வந்துதான் சொல்லியிருப்பான்.

நண்பர், “புதுத் தோட்டா வாங்கிப் போட்டுச் சுடலாமா?” என்றார். கிழவர் குழலை ஜன்னலோரம் சாய்த்துக் காட்டினார். உடலெங்கும் பாய்க்கோரை பின்னியதுபோல் மெல்லிய அலைக் கோடுகள். இரும்பும் எஃகும் கலந்த நாடாவைச் சுற்றிச் சூட்டில் அடித்து இணைத்த ‘டமாஸ்கஸ்’ குழலாம்; கரிமருந்துக் காலத்துக்குப் போதுமானது, இன்றைய புகையில்லா மருந்தின் வேகத்துக்கு நம்பத்தகாதது. கூப்பிடு தூரத்தில், பீரங்கி மேட்டில் கிடக்கும் ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கியும் வார்த்ததன்று, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்துச் சேர்த்ததே. அதையும் இன்று யாரும் வெடித்துப் பார்ப்பதில்லை.

“அப்படியானால் பழுது பார்த்துத்தான் என்ன பிரயோஜனம்?” என்றார் நண்பர், முகம் சுண்டி.

“மூடலைன்னுதானே தம்பி கொண்டாந்தீங்க?” என்று கிழவர் விளக்குத் திரியை உள்ளிழுத்தார். “மூடும்.”