நாளுக்கொரு குறிப்பு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் வீட்டில் புத்தகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் சுவரில் ஒரு நாள்காட்டி எப்போதும் தொங்கும். அப்பா மூட்டை தூக்கும் மண்டியின் முதலாளி ஆண்டுதோறும் கொடுப்பது அது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அப்பா முந்தின நாள் தாளைக் கிழிப்பார். கிழித்துவிட்டு, பாயில் படுத்திருக்கும் என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்னடா போட்டிருக்கான்?" என்று கேட்பார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து, நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பொன்மொழியையும் வாசிப்பேன். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் புறப்படுவார். நான் முதன்முதலில் உரக்கப் படித்த நூல் அந்த நாள்காட்டிதான் என்றால் அது மிகையாகாது.

அந்த நாள்காட்டிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கண்டேன். விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில், அதில் எழுதுவோருக்காக நாள்தோறும் மாறி மாறித் தோன்றும் ஒரு சிறு குறிப்பே அது. 'இன்றைய குறிப்பு' என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

விக்கிப்பீடியாவைப் படிக்காத மாணவர் நம்மில் இல்லை. ஒப்படைப்பு எழுத நாம் எல்லோரும் அதன் வாசலில் நிற்பவர்கள்தாம். ஆனால் அதை எழுதுபவர் யார் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை நம் நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவர்கள் அந்தந்தத் துறையில் தேர்ந்த அறிஞர்கள். 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியாவோ வேறு வழியில் சென்றது. 2003-இல் தமிழிலும் அது தோன்றியது. அங்கே படிப்பவரே எழுதலாம். எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். திருத்தியதை மூன்றாமவர் மீண்டும் சரிசெய்யலாம். தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை, சான்றிதழ் கேட்பதில்லை.

கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் திறந்த கதவு மட்டும் போதுமா? உள்ளே நுழைந்தவனுக்குச் செருப்பை எங்கே விடுவது, எங்கே அமர்வது, யாரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் தெரிய வேண்டாமா? இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். ஏனென்றால், கல்லூரி என்னும் இந்தக் கதவுக்குள் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் நுழைந்தவன் நான்.

முதலாண்டின் முதல் மாதத்தில், உதவித்தொகைக்குப் 'போனஃபைடு' வேண்டும் என்றார்கள். வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டினார்கள்; நானும் ஆட்டினேன். மாலையில் கடைத்தெருவுக்குப் போய், எழுதுபொருள் கடையில், "அண்ணே, ஒரு போனஃபைடு குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை; "அது காலேஜ்லதான் தம்பி குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் சிரித்திருந்தால் எனக்கு அன்று அழுகை வந்திருக்கும். வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால், கேட்பதற்கே ஒரு துணிவு வேண்டும். அண்ணனோ அக்காவோ கல்லூரிக்குப் போயிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் துணிவு தேவைப்படுவதே இல்லை. அவர்களுக்கு வீட்டிலேயே எல்லாம் காதில் விழுந்துவிடுகிறது.

விக்கிப்பீடியாவிலும் எனக்கு அதே கதைதான். எங்கள் ஊர் ஏரியைப் பற்றியும் அதன் கரையிலுள்ள கோயிலைப் பற்றியும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன். எழுதினேன் என்பதைவிட, திருவிழாவில் விற்ற தல வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்துக் கைப்பேசியில் இரண்டு இரவு தட்டச்சு செய்தேன் என்பதே சரி. மூன்றாம் நாள் கட்டுரை நீக்கப்பட்டிருந்தது. பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுவது பதிப்புரிமை மீறல் என்று என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை; ஆனாலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று எண்ணிக் கைப்பேசியை மூடினேன்.

மூடியவன் மீண்டும் திறந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புதான். தமிழில் தொடங்கிய பயனர் கணக்கு ஆங்கில விக்கிப்பீடியாவிலும் செல்லும். ஆங்கிலம் பழகலாமே என்று ஒருநாள் அங்கே சுற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவருடைய பயனர் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி தெரிந்தது. உள்ளே நான்கைந்து வரிகள். பேச்சுப் பக்கத்தில் எழுதியதும் நான்கு அலைக்குறிகள் இட்டால், எழுதியவர் பெயரும் நாளும் நேரமும் தாமாகவே அங்கு வந்து அமரும் என்பது அதன் பொருள். நான் கையொப்பமின்றியே எழுதி வந்தவன். இதை யாரிடமும் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தெரியாது என்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்?

மறுநாள் அதே பெட்டியில் வேறொரு குறிப்பு இருந்தது. நானும் அந்தப் பெட்டியை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரே ஒரு வரி போதும். அதை வார்ப்புரு என்பார்கள். சேமிக்குமுன் முன்தோற்றம் பார், என்ன மாற்றினாய் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுது, பழகுவதற்கு மணல்தொட்டி இருக்கிறது, உனக்கு அக்கறையுள்ள பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர் — இப்படி நாளுக்கொன்றாக வந்தன. ஒரே நாளில் இவை அனைத்தையும் யாரேனும் என்னிடம் சொல்லியிருந்தால் ஒன்றும் மனத்தில் நின்றிருக்காது. விதிகளைத் தொகுத்த பெரிய பக்கங்கள் அங்கே ஏராளமாக உண்டு. அவற்றைத் திறந்து பார்த்து மலைத்து மூடியிருக்கிறேன். நாளுக்கு ஒரு கவளம் என்றபோதோ உடம்பில் ஒட்டியது.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தேன். இயற்பியல் மாணவனுக்கு அந்தக் குறும்பு உண்டல்லவா! ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தனிப் பக்கம். பிப்ரவரி 29-க்கும் ஒன்று உண்டு. ஆக, 366 பக்கங்கள். வார்ப்புரு தன்னுள் எந்தக் குறிப்பையும் வைத்திருப்பதில்லை. இன்று என்ன மாதம், என்ன தேதி என்று கணினியைக் கேட்டு, அந்தப் பெயருடைய பக்கத்தை இழுத்து வந்து காட்டுகிறது, அவ்வளவே. அக்கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே அங்கே நள்ளிரவு கடந்து புதுத் தேதி பிறக்கும்போது நம் ஊரில் காலை 5.30. அதாவது, என் தந்தை சுவரில் தாளைக் கிழிக்கும் அதே வேளையில் அங்கேயும் ஒரு தாள் மாறுகிறது! சில நாள் முந்தின நாளின் குறிப்பே நிற்கும். கணினி முன்பு சேமித்து வைத்த பக்கத்தையே காட்டுவதால் வரும் மயக்கம் அது. வீட்டார் ஊருக்குப் போயிருந்தால் நாள்காட்டி பழைய தேதியிலேயே நிற்பதில்லையா, அதுபோல.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சுவர் நாள்காட்டியின் தாள் கிழிந்தால் போயிற்று. இதுவோ அடுத்த ஆண்டு அதே நாளில் திரும்பி வரும். எனவே ஒரு குறிப்பில் பிழை இருந்தால், அந்தப் பிழையும் ஆண்டுதோறும் திரும்பி வரும். எழுதிய நாளில் சரியாக இருந்ததே பின்னர் பிழையாகிவிடுவதும் உண்டு. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தோற்றத்தை மாற்றினார்கள். இணைப்புகள் சில இடம் பெயர்ந்தன. ஒருநாள் குறிப்பு சொன்ன இடத்தில் நான் தேடினேன்; அங்கே அது இல்லை. என் ஆங்கிலத்தின் மீதுதான் எனக்கு ஐயம் வந்ததே தவிர, குறிப்பின் மீது வரவில்லை. அச்சில் இருப்பதை நம்பிப் பழகியவர்கள் நாம். நெடுநேரம் தேடிய பிறகு, உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் பேச்சுப் பக்கத்தில் இட்டு, நான்கு அலைக்குறிகளும் இட்டேன். இரண்டு நாளில் ஒருவர் நன்றி சொல்லிக் குறிப்பைத் திருத்தியிருந்தார். பெயர் தெரியாத ஒருவர், மண்டித் தொழிலாளியின் மகனுடைய சொல்லைக் கேட்டு, உலகத்தார் படிக்கும் ஒரு வரியை மாற்றினார்! அன்று நான் வகுப்பில் சற்று நிமிர்ந்தே அமர்ந்திருந்தேன்.

அந்த நிமிர்வுதான் அடுத்த தவற்றுக்கும் காரணமாயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாமாண்டு தொடங்கியபோது, நான் பட்ட பாட்டைப் புதிய மாணவர்கள் படக்கூடாது என்று எண்ணினேன். துறைத் தலைவரின் ஒப்புதலோடு, அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் 'இன்று ஒரு குறிப்பு' என்று நாள்தோறும் ஒரு சீட்டு ஒட்டினேன். போனஃபைடு என்பது என்ன, அதை எங்கே வாங்குவது என்பதுதான் முதல் சீட்டு. ஆய்வகப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவது, நூலகச் சீட்டு, அகமதிப்பீட்டுத் தேர்வு, பேருந்துக் கட்டணச் சலுகை என்று முப்பது சீட்டுகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்துவிட்டேன். நாளுக்கொன்று எடுத்து ஒட்டுவது மட்டுமே வேலை. மாணவர்கள் நின்று படித்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

உதவித்தொகைக்கு வருமானச் சான்றின் நகல் போதும் என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தேன். என் முதலாண்டில் அதுதான் வழக்கம். அந்த ஆண்டு அசலையும் காட்ட வேண்டும் என்று மாறியிருந்தது. நான் விசாரிக்கவில்லை. ஒரு முதலாண்டு மாணவி தாயாரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, நகலோடு வந்து திரும்பினார். மறுநாள் அசலோடு மீண்டும் வந்தார்கள். அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு நாள் கூலி போயிற்று. பலகையருகே என்னைப் பார்த்த அந்த மாணவி, "அண்ணா, நீங்க எழுதினதைப் பாத்துத்தான் வந்தோம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். தாயாரோ, "பரவால்ல தம்பி, எங்களுக்கு இதாவது சொல்ல ஆள் இருக்கே" என்றார். வசை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

அன்றிரவு விக்கிப்பீடியாவின் அந்தப் பகுதியை மீண்டும் புரட்டினேன். இதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. இன்றைய குறிப்பைக் காட்டும் வார்ப்புரு இருப்பதுபோல, நாளைய குறிப்பை இன்றே காட்டும் வார்ப்புரு ஒன்றும் அங்கே இருக்கிறது. குறிப்புகளைப் பேணிக் காப்பவர்களுக்கானது அது. மறுநாள் மற்றவர் கண்ணில் படுமுன், ஒருநாள் முந்தியே படித்துப் பார்த்து, பழையதாகிவிட்டதைத் திருத்திவிடலாம். பிறருக்குக் குறிப்புத் தருபவன் அவர்களைவிட ஒருநாள் முன்னே நடக்க வேண்டும். இந்தச் சிறு உண்மை எனக்கு அந்தத் தாயாரின் இரண்டு நாள் கூலியில் விளங்கியது.

இப்போதும் பலகையில் சீட்டு ஒட்டுகிறேன். ஆனால் முப்பதையும் ஒருசேர எழுதி வைப்பதில்லை. நாளைய சீட்டை இன்று மாலை எடுத்துக்கொண்டு அலுவலகத்திலும் நூலகத்திலும் விசாரித்த பிறகே ஒட்டுகிறேன். சீட்டின் அடியில் விசாரித்த தேதியையும் என் பெயரையும் வகுப்பையும் எழுதுகிறேன். தவறென்றால் என்னிடம் வந்து சொல்லலாம். அந்த மாணவியும் இப்போது வாரத்திற்கு இரண்டு சீட்டுகள் எழுதுகிறார். அவருடைய எழுத்து என் எழுத்தைவிட அழகு; விசாரிப்பதிலும் என்னைவிடக் கெட்டி.

ஏரிக் கட்டுரையையும் மறுபடி எழுதினேன். இம்முறை புத்தகத்தைச் சான்றாக மட்டும் காட்டி, என் சொற்களில் எழுதினேன். கட்டுரை நிலைத்திருக்கிறது. கோயில் திருவிழாவின் மாதத்தை நான் தவறாகக் குறித்திருந்ததை வேறொருவர் திருத்தியிருக்கிறார்.

விடுமுறையில் ஊருக்குப் போனால் அப்பா இன்னும் தாளைக் கிழித்துவிட்டுக் கேட்கிறார். நாள்காட்டியை வாசித்த பிறகு, கைப்பேசியில் அன்றைய குறிப்பையும் தமிழாக்கிச் சொல்கிறேன். "இதை யாருடா எழுதுறது?" என்று ஒருநாள் கேட்டார். "தெரிஞ்சவங்க, தெரியாதவங்களுக்கு எழுதுறாங்கப்பா" என்றேன். "காசு குடுப்பாங்களா?" என்றார். "இல்லப்பா" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீயும் எழுது" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

நண்பர்களே, அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கேட்கத் துணிவில்லாத ஒருவர் நம் வகுப்பின் கடைசி வரிசையில் எப்போதும் இருக்கிறார். அவர் கேட்குமுன் சொல்லுங்கள், சொல்லுமுன் சரிபாருங்கள்.