வாலுக்குள் ஒரு வாசல்

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, உட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்க். சாலை நெடுகப் பழைய கார்கள் தேர் போல அசைந்து வருகின்றன. 1995 முதல், ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமையில் இங்கே கார்த் திருவிழா. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை இருமருங்கும் மடக்கு நாற்காலிகள் போட்டுச் சனம் உட்கார்ந்திருக்கிறது.

ஊர்வலத்திலிருந்து ஒரு கார் பிரிந்து பங்க்குக்குள் வருகிறது. 1957-ஆம் ஆண்டுச் செவ்ரலே பெல் ஏர். உடம்பு மயில்கழுத்துப் பச்சை. கூரை தந்த வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கம்பெனி அன்று வைத்த பெயர் ‘இந்தியா ஐவரி’. பானெட்டில் பொன்னிறத்தில் ‘வி’ என்ற எழுத்து. எட்டு சிலிண்டர் இன்ஜின் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஓட்டி வந்த பெரியவர் இறங்குகிறார். எண்பதைத் தொட்டிருப்பார். மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். பேத்தியாக இருக்க வேண்டும். பதினைந்து வயது இருக்கலாம். பெட்ரோல் போடுகிற வேலை அவளுக்கு. மூடியைத் தேடுகிறாள். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இல்லை. பின்னால் குனிந்து நம்பர் பிளேட்டைத் தடவுகிறாள், அங்கும் இல்லை. பெரியவர் வாய் திறக்காமல், துணியால் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அதற்குத்தான் காத்திருந்தவர் போல வருகிறார். இடது வால்துடுப்பின் முனையில், விளக்குக்கு மேலே ஒரு க்ரோம் பட்டை. அதில் விரலைக் கொடுத்து இழுக்கிறார். சின்ன அலமாரிக் கதவு போலத் திறக்கிறது. உள்ளே பெட்ரோல் மூடி.

அவள் கதவை மூடுகிறாள். திறக்கிறாள். மறுபடி மூடித் திறக்கிறாள்.

கார் ஓடுவதற்கு வால் தேவையில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலில் மனம் பறிகொடுத்தவர். 1948-இல் காடிலாக் காரின் பின்புறத்தில் அது சிறு மேடாக முளைத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் செவ்ரலேவுக்கும் வளர்ந்துவிட்டது. அந்த வாலின் வடிவத்தை ஒரு துளை கெடுத்துவிடக் கூடாதென்று மூடியை உள்ளே ஒளித்தார்கள். தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னே இருப்பதுபோல. கடைகண்ணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரப் போகிற வண்டிக்கு இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கார்கள்மேல் இருக்கிற பிரியமெல்லாம் அந்த மெனக்கெடலின் மேல்தான்.

பெரியவர் டிக்கியைத் திறந்து சின்னக் குப்பி ஒன்றை எடுக்கிறார். இந்தக் கார் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது காற்றுக்கு நஞ்சு. 1996 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அதை விற்கவே கூடாது. பழைய இன்ஜினின் வால்வுகள் தேயாதிருக்க, ஈயத்துக்குப் பதிலாக, குப்பியில் இந்த மாற்று மருந்து. அளவு பார்த்து, சங்கில் புகட்டுகிற நிதானத்தோடு ஊற்றுகிறார். பிறகு அவள் பெட்ரோல் பிடிக்கிறாள். வழிந்த ஒரு சொட்டை அவர் சொல்லுமுன் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கிறாள்.

முன்னால் சோபா போல ஒரே நீள இருக்கை. டாஷ்போர்டு வெறும் இரும்பு. மோதினால் காப்பாற்ற இந்தக் காரில் அன்று எதுவுமில்லை. பெரியவருக்கு அது தெரியும். இருக்கையில் பிற்பாடு பொருத்திய இரண்டு சீட் பெல்ட்டுகள் புதுக்கருக்கு மாறாமல் கிடக்கின்றன. அவளுடையதை மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகே தன்னுடையதை மாட்டுகிறார்.

சாவி திரும்புகிறது. இன்ஜின் அடிவயிற்றிலிருந்து உறுமி, தணிந்து, சீராகிறது. கார் மெல்ல ஊர்வலத்தில் போய்ச் சேர்கிறது. பெரியவரின் கண் சாலையில். அவள் மட்டும் திரும்பி, பின்கண்ணாடி வழியே அந்த இடது வாலையே பார்த்துக்கொண்டு போகிறாள்.