மலையேறும் வண்டியும் வீட்டு வாசலும்

வண்டி வாங்கும்போது அதன் தோற்றத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் போதாது. நம் வீட்டு மனிதர்களோடு அது ஒத்துப்போகுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புனே நகரில் பல்லாண்டுகளாக வாழும் எங்கள் இல்லத்தில் இவ்வினா சென்ற ஆண்டு எழுந்தது. பிள்ளைகள் இருவரும் மகிந்திராவின் 'தார்' வண்டியே வேண்டும் என்றனர். எங்களுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

தார் என்பது பாலைவனத்தின் பெயர். நாங்கள் செல்வதோ தார்ச்சாலையில்! பள்ளி, அலுவலகம், காய்கறிச் சந்தை. ஆண்டுக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்ப் பயணம். இவற்றுள் சேறும் மணலும் எங்கே? மகாபலேசுவரத்து மலைப்பாதையும் தார்ச்சாலையே அன்றோ?

2020-இல் வெளிவந்த மூன்று கதவுத் தாரின் அடிப்பாகம் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடற்பகுதி அமைந்திருப்பதால் கரடுமுரடான நிலத்தை அது அஞ்சாமல் கடக்கும். ஆனால் அதன் நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்துதல் கூடாது. திருப்பங்களில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள வேண்டியிருப்பதால் பற்சக்கரங்கள் இறுகித் தேயும். எந்த ஆற்றலுக்காகப் பணம் கொடுக்கிறோமோ, அந்த ஆற்றல் நகரத்தில் உறங்கிக் கிடக்கும்.

மேலும் அவ்வண்டியில் இருக்கைகள் நான்கு, நாங்களோ ஐவர். எனவே 2024-இல் வந்த ஐந்து கதவு 'ராக்ஸ்' வகையைப் பார்த்தோம். அதில் ஐவர் அமரலாம், பெட்டிகளுக்கும் இடமுண்டு. குறை தீர்ந்தது என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர்.

அம்மாவையும் அழைத்துச் சென்று அதனை ஓட்டிப் பார்த்தோம். முழங்கால் வலியுள்ள அவர், ஒரு கையால் கதவையும் மறு கையால் பேரனின் தோளையும் பற்றி ஏறினார். இறங்கும்போது ஒரு கணம் தயங்கித் தரையைப் பார்த்தார். "வண்டி நன்றாக இருக்கிறதப்பா, நான் எங்கே அடிக்கடி வெளியே வரப்போகிறேன்?" என்றார்.

அச்சொல்லே எங்களுக்கு விடை ஆயிற்று. முதியோர் குறை கூறமாட்டார்கள். மெல்லத் தாமே ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரையும் உறவையும் விட்டு நம்மை நம்பி வந்தவர்களுக்கு மொழி அறியாத நகரில் வெளியுலகம் என்பது பெரும்பாலும் நம் வண்டியின் கதவு வழியாகவே திறக்கிறது. அந்தக் கதவு அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாமா?

தோட்டம் துரவு உடையவர்க்கும், மண்பாதையில் நாள்தோறும் செல்வோர்க்கும், ஏறி இறங்க வலுவுள்ள சிறு குடும்பத்தார்க்கும் அது சிறந்த வண்டியே. வாங்க எண்ணும் அன்பர்கள், வீட்டிலேயே மூத்தவரை முதலில் அதில் ஏற்றி இறக்கிப் பார்த்தல் நலம். இருக்கைகளையும், பெட்டி வைக்கும் இடத்தையும், குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்தின் அகலத்தையும் பிறகு அளக்கலாம்.

நாங்கள் தாழ்ந்த தளமுடைய எளிய கார் ஒன்றை வாங்கினோம். பிள்ளைகளின் முகம் சில நாள் வாடியிருந்தது. மலைக்குச் செல்லும்போது ஒருநாள் வாடகை ஜீப்பில் காட்டுப்பாதையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். கிருத்திகைதோறும் அம்மா எவர் கையையும் பற்றாமல் காரில் ஏறி, எங்களோடு முருகன் கோயிலுக்கு வருகிறார்.